க்ரூஸ் கப்பலில் சாப்பாட்டையும் பரிமாறலையும் எப்படி எடைபோடுவது?

ஒரே உல்லாசப் பயணக் கப்பல், ஒரே வாரம். ஒருவர் 'வேளைக்கு வேளை விருந்து' என்று எழுதுகிறார். பக்கத்து மேசைக்காரர் 'ஆறிப்போன சாப்பாடு, அலட்சியமான கவனிப்பு' என்று எழுதுகிறார். யாரை நம்புவது, கப்பலில் ஏறிய பிறகு நாமே தரத்தை எப்படிக் கண்டுகொள்வது என்பது கேள்வி.

பெரும்பாலும் இருவருமே உண்மையைத்தான் எழுதுகிறார்கள். தட்டில் கண்ட குறையோ நிறையோ யார் கையிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்காமல் மொத்தமாகத் தீர்ப்பு எழுதுவதில்தான் கோளாறு. கப்பல் சாப்பாட்டில் நான்கு கைகள் இருக்கின்றன. முதலாவது, கரையில் இருக்கும் தலைமை அலுவலகம். பெரிய நிறுவனங்களில் மெனு, செய்முறை, ஒரு தட்டுக்கு எத்தனை கிராம், தட்டு எப்படித் தோன்ற வேண்டும், ஒரு பயணிக்கு ஒரு நாளைக்கு உணவுச் செலவு எவ்வளவு என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகின்றன. கப்பலின் எக்ஸிகியூட்டிவ் ஷெஃப்புக்கு, அதாவது தலைமைச் சமையல்காரருக்கு, இதில் கைவைக்க இடம் குறைவு. இரண்டாவது, அந்தக் கப்பலின் சமையலறை. மூன்றாவது, மேசைக்கு வரும் வெயிட்டரும் அவருக்கு மேலே இருக்கும் ஹெட் வெயிட்டரும். நான்காவது, யார் கட்டுப்பாட்டிலும் இல்லாதவை: கொந்தளிக்கும் கடல், துறைமுகத்துக்கு வந்து சேராத சரக்கு, கிளம்பத் தாமதமான கப்பல்.

அளவு சிறிது, செய்முறை சப்பென்று இருக்கிறது, இறைச்சி மலிவான பாகம் என்பவை தலைமை அலுவலகத்தின் குறைகள். அதே நிறுவனத்தின் வேறு கப்பலுக்குப் போனாலும் அவை கூடவே வரும். சூப் ஆறியிருந்தது, மீன் வெந்து உலர்ந்துவிட்டது, நேற்று உப்பு தூக்கல் இன்று உப்பே இல்லை என்பவை அந்தக் கப்பலின், அந்தப் பருவத்துச் சமையலறையின் குறைகள். கப்பல் ஊழியர்கள் சில மாத ஒப்பந்தத்தில் வந்து போகிறவர்கள், ஷெஃப்பும் அப்படித்தான். ஓராண்டுக்கு முன் எழுதிய விமர்சனத்தில் 'ஸ்டீக் அருமை' என்று இருந்தால், அதைச் சமைத்தவர் இன்று வேறு கப்பலில் இருக்கலாம். மெனுவைப் பற்றிய பழைய விமர்சனம் ஓரளவு செல்லும், சமையல் பக்குவத்தைப் பற்றிய பழைய விமர்சனம் செல்லாது.

சரி, அந்தச் சமையலறை எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் எதை எதிர்பார்ப்பது, எதை மன்னிப்பது என்று தானே விளங்கிவிடும்.

'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்ற மிகப் பெரிய க்ரூஸ் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அறைக்கு இருவர் என்ற கணக்கில் 5,610 பயணிகள், 2,350 பணியாளர்கள். அந்தப் பணியாளர்களில் மாலுமிகள், எந்திர அறைக்காரர்கள், அறை துப்புரவாளர்கள் எல்லோரும் அடக்கம். இத்தனை பேருக்கு ஆர்டர் வந்த பிறகு ஒவ்வொரு தட்டாகச் சமைத்தால் நள்ளிரவாகிவிடும். ஆகவே முந்தைய பயணங்களின் கணக்கை வைத்து, இன்றைய மெனுவில் எத்தனை பேர் மாட்டிறைச்சி கேட்பார்கள், எத்தனை பேர் மீன் கேட்பார்கள் என்று முன்கூட்டியே மதிப்பிடுகிறார்கள். பாதி வேலை மதியமே முடிந்துவிடும். இறைச்சியின் மேல்பக்கத்தை வாட்டி வைத்திருப்பார்கள், காய்களை அரைவேக்காட்டில் குளிரவைத்திருப்பார்கள், சாஸ் பெரிய நீராவிக் கொப்பரையில் தயாராக இருக்கும். மாலையில் நடப்பது கடைசிச் சூடும் தட்டில் அடுக்குவதும்தான். இதைத் தெருமுனை உணவகத்தோடு ஒப்பிட்டால் நியாயமாகாது. ஆயிரம் பேர் சாப்பிடும் விருந்தோடு ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டில் நல்ல கப்பல்கள் செய்வது உண்மையிலேயே வியக்கத்தக்க வேலை.

அடுத்து, தட்டு மேசைக்கு வரும் வழி. பிரதான டைனிங் ரூமில் ஒரு வெயிட்டரும் ஓர் உதவியாளரும் சேர்ந்து பல மேசைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். வெயிட்டர் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவர முடியாது. தன் மேசைகளுக்கு வேண்டிய பத்து, பன்னிரண்டு தட்டுகளையும் மூடி போட்டு ஒரே தாம்பாளத்தில் அடுக்கித் தோளில் தூக்கி வருகிறார். முதலில் வாங்கிய தட்டு கடைசித் தட்டு வரும்வரை காத்திருக்கும். மூடிக்குள் நீராவி தேங்கும். அதில் பொரித்தது நமுத்துப்போகும், உள்ளே சிவப்பாக இருக்கும்படி 'மீடியம் ரேர்' பக்குவத்தில் கேட்ட ஸ்டீக் தன் உள்சூட்டிலேயே இன்னும் ஒரு படி வெந்து 'மீடியம்' ஆகிவிடும், க்ரீம் சாஸில் ஆடை படியும். சமைத்தவரும் தவறவில்லை, பரிமாறியவரும் தவறவில்லை, இடையில் போன ஆறேழு நிமிடம் செய்த வேலை அது. ஸ்டீக் எப்போதும் ஒரு படி அதிகம் வெந்து வருகிறது என்று தெரிந்தால், வேண்டியதைவிட ஒரு படி குறைத்துக் கேட்பது நல்ல வழி.

கப்பலில் தீ என்றால் உயிர்ப் பிரச்சினை என்பதால் சமையலறைகள் பெரும்பாலும் மின்சார அடுப்பிலும் நீராவியிலும் இயங்குகின்றன. கொழுந்துவிட்டு எரியும் நெருப்பில் கருகி எழும் வாசனையை எதிர்பார்த்து, அது இல்லை என்று மதிப்பெண் குறைப்பதில் பொருளில்லை.

இதிலிருந்து ஒரு நல்ல சோதனை பிறக்கிறது. நீண்ட நேரம் குறைந்த சூட்டில் வெந்த இறைச்சி, சூப், குளிர்ந்த ஸ்டார்ட்டர் (முதலில் வரும் சிறு பண்டம்), கஸ்டர்ட் வகை இனிப்பு ஆகியவை மொத்தச் சமையலுக்குத் தோதானவை. காத்திருந்தாலும் கெடாது. ரிசோட்டோ என்ற இத்தாலியக் குழைந்த சோறு, மெல்லிய மீன் துண்டு, பொரித்த பண்டம், அடித்த முட்டை வெண்கருவால் உப்பி எழும் சூஃப்ளே ஆகியவை காத்திருப்பைத் தாங்காதவை. முதல் இரவை விட்டுவிட்டு, நான்காம் இரவுக்குள் இரு பக்கத்திலிருந்தும் கேட்டுப் பாருங்கள். தோதான வகையே சுமாராக இருந்தால் அந்தச் சமையலறையில் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. கடினமான வகை சுமாராக இருந்தால் அது சராசரிக் கப்பல். கடினமானதும் நன்றாக வந்தால் மிக நல்ல கப்பல். சூஃப்ளேயை நான் குறிப்பாகச் சொல்வேன். அடுப்பிலிருந்து எடுத்த சில நிமிடங்களில் அது அமுங்கத் தொடங்கும். எழும்பி நின்றபடியே மேசைக்கு வந்தால், சமையலறைக்கும் வெயிட்டருக்கும் இடையே கைகோப்பு சரியாக இருக்கிறது என்று நம்பலாம்.

இன்னொரு சோதனை இதைவிட எளிது. பல கப்பல்களில் இரவு மெனுவின் ஓர் ஓரத்தில் தினமும் மாறாமல் கிடைக்கும் பண்டங்கள் இருக்கும்: வாட்டிய கோழி, சால்மன், சீசர் சாலட், அவித்துச் சுட்ட உருளைக்கிழங்கு போன்றவை. இரண்டாம் இரவும் ஐந்தாம் இரவும் அதே ஒன்றைக் கேளுங்கள். மேசையில் நான்கு பேர் இருந்தால் ஒரே இரவில் இருவர் கேட்கலாம். உப்பு, வேக்காடு, அளவு, சூடு நான்கும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நாள் சிறப்பாகச் சமைப்பது பெரிய காரியமல்ல. ஆயிரம் தட்டும் ஒன்றுபோல வருவதுதான் கப்பல் சமையலறையின் திறமை, அதை இந்தச் சாதாரணக் கோழித் துண்டு காட்டிக்கொடுக்கும்.

சூட்டைப் பற்றிப் பேசாமல் மேலே போக முடியாது, ஏனென்றால் சுவைக்கும் பாதுகாப்புக்கும் பொதுவான ஒரே அளவுகோல் அதுதான். அமெரிக்கத் துறைமுகங்களுக்கு வரும் கப்பல்களைச் சோதிக்கும், அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசியின் கப்பல் சுகாதாரத் திட்டத்தின்படி, சூடாகப் பிடித்து வைக்கும் உணவு 57 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிராக வைப்பது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. சமைத்ததை ஆறவைக்கும்போது 57-லிருந்து 21 டிகிரிக்கு 2 மணி நேரத்திலும், அங்கிருந்து 5 டிகிரிக்கு அடுத்த 4 மணி நேரத்திலும் வந்துவிட வேண்டும். மேசையில் நீங்கள் தெர்மாமீட்டரை எடுக்க வேண்டியதில்லை. தட்டின் விளிம்பைத் தொடுங்கள். சூடான உணவு சூடேற்றிய தட்டிலும் சாலட் குளிர்ந்த தட்டிலும் வந்தால் சமையலறை கவனத்தோடு இருக்கிறது. தட்டு கொதித்து, உணவு வெதுவெதுப்பாக இருந்தால், சூடேற்றும் விளக்கின் கீழே நெடுநேரம் காத்திருந்த தட்டு அது. தட்டு சில்லென்றும் உணவு வெதுவெதுப்பாகவும் இருந்தால் தட்டுச் சூடாக்கியைப் பயன்படுத்தவில்லை. சூப்பில் ஆவி எழவில்லை என்றால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

சின்னப் பண்டங்கள் சிலவற்றை எளிதில் விட்டுவிடுகிறோம், ஆனால் சமையலறையின் குணம் அவற்றில்தான் தெரியும். பிரட்டைப் பாருங்கள். பெரும்பாலான பெரிய கப்பல்களில் இரவு முழுக்க பேக்கரி ஓடுகிறது. மேலோடு மொறுமொறுப்பாகவும் உள்ளே மெதுவாகவும் இருந்தால் அன்றைக்குச் சுட்டது. பிளந்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்தால் உறைநிலையிலிருந்து எடுத்துச் சூடாக்கியது. வெண்ணெய் கல்லாக இருந்து பிரட்டைக் கிழித்தால், பரிமாறும் முன் அதைச் சற்று முன்னதாக வெளியே எடுத்து வைக்க யாரும் நினைக்கவில்லை என்று அர்த்தம். காலையில் முட்டை: பஃபேயின் பெரிய தட்டத்தில் இருக்கும் கிளறிய முட்டை பெரும்பாலும் பாஸ்டரைஸ் செய்த, அதாவது கிருமி நீங்கச் சூடாக்கிய, திரவ முட்டையில் செய்வது. அது ரப்பர் போல இருந்து, ஓரத்தில் நீர் பிரிந்து நின்றால் வெகுநேரம் சூட்டில் கிடந்திருக்கிறது. அதை வைத்துச் சமையல்காரரை எடைபோடாதீர்கள், கண்ணெதிரே செய்து தரும் ஆம்லெட்டை வைத்து எடைபோடுங்கள். காபி, தேநீர் சப்பென்று இருந்தால் தூளை மட்டும் குறைசொல்ல முடியாது. கப்பல் கடல்நீரைக் காய்ச்சி வடித்தோ சவ்வூடு வடிகட்டியோ குடிநீர் தயாரிக்கிறது, அதில் தாது குறைவு. கிருமி வராமலிருக்கக் குளோரினும் சேர்க்கிறார்கள். இரண்டுமே சுவையைத் தொடும்.

மீன் உறைய வைத்தது என்பதை ஒரு குறையாகப் பலர் எழுதுகிறார்கள். நடுக்கடலில் அப்படித்தான் இருக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பச்சையாகச் சாப்பிடும் மீனை -20 டிகிரியில் 7 நாள் வைத்திருப்பது ஒட்டுண்ணிகளைக் கொல்லும் ஒப்புக்கொள்ளப்பட்ட முறைகளில் ஒன்று. உறைந்த மீனைச் சரியாக இளக்கத் தெரியாததுதான் குறை. அவசரமாக இளக்கினால் தசை நாரெல்லாம் தளர்ந்து, தட்டில் வெண்மையான நீர் கசிந்து நிற்கும்.

எந்த நாளில் மதிப்பிடுகிறோம் என்பதும் முடிவை மாற்றும். முதல் நாள் எதையும் முடிவு கட்டாதீர்கள். அன்று காலையில்தான் பழைய பயணிகள் இறங்கி, ஒரு வாரத்துக்கான சரக்கு ஏறி, புதிய பயணிகள் வந்திருக்கிறார்கள். வெயிட்டருக்கு உங்கள் பெயர் தெரியாது, சமையலறைக்கு இந்தக் கூட்டத்தின் பசி தெரியாது. கடைசி இரவும் சரியான அளவுகோல் அல்ல, எல்லோரும் மூட்டை கட்டும் அவசரத்தில் இருப்பார்கள். மூன்றாம், நான்காம் இரவுதான் உண்மையான முகம். ஏழு நாள் பயணம் என்றால் ஆறாம் நாளில் இன்னொரு பார்வை வேண்டும். அன்று கீரை இலைகள் துவண்டிருக்கின்றனவா, பெர்ரிப் பழங்கள் மறைந்து முலாம்பழமும் அன்னாசியும் மட்டும் நிற்கின்றனவா, பழத் துண்டு ஓரம் உலர்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சரக்கு மேலாளர் கெட்டிக்காரர் என்றால் சீக்கிரம் வாடும் பொருள்களை முன் நாட்களிலேயே தீர்க்கும்படி மெனுவை ஓட்டி, கடைசி நாட்களுக்குக் கோஸ், கேரட், ஆப்பிள் போலத் தாங்கும் பொருள்களை வைத்திருப்பார். வாடிய இலையை அலங்கரித்துப் பரிமாறுகிற கப்பல் அந்தக் கணக்கில் தவறிய கப்பல்.

கடல் கொந்தளிக்கும் இரவில் பொரிக்கும் எண்ணெய்க் கொப்பரைகளை மூடிவிடுவார்கள், சூப்பைக் குறைப்பார்கள். மெனுவில் இருந்தது கிடைக்காமல் போகலாம். அதைப் பாதுகாப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி பஃபே. இங்கே கண்ணை நன்றாகத் திறந்து வைத்திருங்கள், ஏனென்றால் எல்லாமே வெளியில் தெரியும். நுழைவாயிலில் கைகழுவும் தொட்டி இருக்கிறதா, அங்கே ஊழியர் ஒருவர் நின்று கழுவச் சொல்கிறாரா என்று முதலில் பாருங்கள். கப்பல்களில் வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோவைரஸுக்கு எதிராக ஆல்கஹால் ஜெல் நன்றாக வேலை செய்யாது. சோப்பும் தண்ணீரும் 20 விநாடித் தேய்ப்பும்தான் பயன் தரும். ஜெல் புட்டியை மட்டும் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கும் கப்பல் முழுமையாகக் கவலைப்படவில்லை. சில கப்பல்கள் பயணத் தொடக்கத்தில் பஃபேயிலும் ஊழியர்களே எடுத்துப் பரிமாறுகிறார்கள். வரிசை மெதுவாக நகர்கிறது என்று எரிச்சல்படத் தோன்றும், உண்மையில் அது நல்ல அறிகுறி.

அடுத்து தட்டங்களின் அளவு. கூட்டம் குறைந்த நேரத்திலும் பெரிய தட்டத்தை நிரப்பி வைத்தால் அந்த உணவு வெகுநேரம் கிடக்கும். நல்ல பஃபேயில் சிறிய தட்டங்களை வைத்து, அடிக்கடி மாற்றுவார்கள். பழைய தட்டத்தின் மேல் புதிதைக் கொட்டுகிறார்களா, தட்டத்தையே மாற்றுகிறார்களா என்பது மிக முக்கியமான வித்தியாசம். கொட்டினால் அடியில் இருப்பது காலையில் வைத்ததாகவே இருந்துகொண்டிருக்கும். இடுக்கியின் கைப்பிடி உணவுக்குள் விழுந்து கிடக்கிறதா, ஓர் உணவின் கரண்டி இன்னொன்றில் நிற்கிறதா, ஊழியர்கள் அவற்றை இடையிடையே மாற்றுகிறார்களா என்று ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். பஃபே மூடுவதற்கு அரை மணி நேரம் முன் ஒருமுறை போய்ப் பார்ப்பதும் நல்லது. அந்த நேரத்திலும் சாலட் பகுதி ஒழுங்காக, துடைத்து, நிரப்பி இருந்தால் மேற்பார்வையாளர் தன் இடத்தில் இருக்கிறார்.

மேசை காலியாவதும் பஃபே தரத்தில் சேர்த்தி. சாப்பாட்டுத் தட்டோடு இடம் தேடி அலைவதற்குக் காரணம் நாற்காலிக் குறைவாக இருக்கலாம், எச்சில் தட்டுகளை எடுக்க ஆள் இல்லாததாகவும் இருக்கலாம். முதலாவது கப்பலின் வடிவமைப்பு, இரண்டாவது பணியாள் ஒதுக்கீடு. ஆளற்ற அழுக்கு மேசைகள் நிறையத் தெரிந்தால் இரண்டாவதுதான்.

டைனிங் ரூம் பரிமாறலை அளக்கக் கடிகாரம் உதவும். நிலையான நேரப் பந்தி உள்ள கப்பலில் முதல் பந்தி மாலை 6 மணி வாக்கில், இரண்டாவது 8 மணி கடந்து தொடங்கும். முதல் பந்திக்காரர்கள் எழுந்து, மேசை துடைத்து, இரண்டாவது பந்திக்கு விரிப்பு மாற்ற வேண்டும் என்பதால் அந்தச் சாப்பாடு இழுத்துப்போகாது. உட்கார்ந்த சில நிமிடங்களில் தண்ணீரும் பிரட்டும், பத்து நிமிடத்துக்குள் ஆர்டர், அடுத்த பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஸ்டார்ட்டர், அதை எடுத்த பிறகு கால் மணிக்குள் பிரதான உணவு. மொத்தம் ஒன்றரை மணி நேரம் என்றால் சீரான ஓட்டம். இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் எங்கோ சிக்கல். எந்த இடைவெளி நீண்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆர்டர் எடுக்கத் தாமதமானால் வெயிட்டருக்கு மேசைகள் அதிகம். ஸ்டார்ட்டருக்கும் பிரதான உணவுக்கும் இடையே நீண்டால் சமையலறை மதிப்பீடு தவறி, தீர்ந்துபோனதைப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். சாப்பிட்ட தட்டு எடுக்க மட்டும் தாமதமானால் அது உதவியாளரின் சுணக்கம்.

விரும்பிய நேரத்தில் வந்து சாப்பிடும் முறையில் கதை வேறு. நார்வீஜியன் க்ரூஸ் லைன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வாக்கில் 'ஃப்ரீஸ்டைல்' என்று இதைப் பரவலாக்கியது, பிறகு பலரும் பின்பற்றினார்கள். இதில் வெயிட்டரின் ஒரு மேசை இனிப்பில் இருக்கும்போது இன்னொரு மேசை சூப்பில் இருக்கும். தாம்பாளம் நிறைய ஒரே நேரத்தில் எடுத்துவர முடியாததால் சமையலறைக்கு நடைகள் கூடும், வேகம் ஏறி இறங்கும். தினம் வேறு வெயிட்டர் என்றால் நீங்கள் எலுமிச்சை போட்ட தண்ணீர் கேட்பவர் என்று யாரும் நினைவு வைத்திருக்கப் போவதில்லை. சுதந்திரம் வேண்டுமென்று இதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நெருக்கமான கவனிப்பு இல்லை என்று குறைசொல்வது நியாயமில்லை. டிஸ்னி கப்பல்களில் பயணிகள் இரவுக்கு இரவு வேறு டைனிங் ரூமுக்குப் போக, அவர்களுடைய வெயிட்டர்களும் கூடவே வருகிறார்கள். மாற்றமும் பழக்கமும் சேர்ந்து கிடைக்கும் புத்திசாலித்தனமான ஏற்பாடு அது.

நல்ல பரிமாறலின் அடையாளங்கள் ஆடம்பரமானவை அல்ல. மேசையில் உள்ள எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தட்டு வருகிறதா? எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருவர் தட்டை மட்டும் எடுக்காமல் காத்திருக்கிறார்களா? யாருக்கு எது என்று மறுபடி கேட்காமல் வைக்கிறார்களா? தண்ணீர் கேட்காமல் நிரம்புகிறதா? மீன் வரும் முன் மீன் கத்தி வந்துவிட்டதா? மிகச் சிறந்த சோதனை, 'இன்றைக்கு எதைச் சாப்பிடலாம்?' என்று கேட்பது. எல்லாமே நன்றாக இருக்கும் என்கிற வெயிட்டர் மெனுவைத்தான் படித்திருக்கிறார். 'மீன் வேண்டாம், ஆட்டிறைச்சி எடுங்கள்' என்று சொல்கிறவர் சமையலறையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அப்படிச் சொல்பவர் கிடைத்தால் பயணம் முழுக்க அவர் மேசையிலேயே இருக்கப் பாருங்கள்.

சிரிப்பையும் பாட்டையும் கைத்தட்டலையும் தரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சில கப்பல்களில் வெயிட்டர்கள் மேசைகளுக்கு நடுவே ஆடுகிறார்கள். பயணிகளுக்கு மகிழ்ச்சி, ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் இனிப்பு உருகிக்கொண்டிருக்கலாம். அதேபோல, வெயிட்டரின் முகத்தில் களைப்பு தெரிந்தால் அதை மரியாதைக் குறைவு என்று படிக்காதீர்கள். கடல் தொழிலாளர் உடன்படிக்கை (2006) வகுக்கும் எல்லைகளில் ஒன்றே ஒரு நாளில் 14 மணி நேரமும் வாரத்தில் 72 மணி நேரமும் வேலை. காலை பஃபேயில் நின்றவர்தான் இரவு உங்கள் மேசைக்கு வருகிறார்.

தவறு நேர்ந்த பிறகு என்ன நடக்கிறது என்பதற்கு நான் தனி எடை கொடுப்பேன். ஆறிய தட்டையோ அதிகம் வெந்த இறைச்சியையோ திருப்பிக் கொடுங்கள், அமைதியாக, காரணத்தோடு. நல்ல கப்பலில் விளக்கமோ வாதமோ வராது. பத்து நிமிடத்துக்குள் புதுத் தட்டு வரும், ஹெட் வெயிட்டர் நேரில் வந்து பார்ப்பார், மற்றவர்கள் சாப்பிடும்போது நீங்கள் வெறுமனே உட்கார்ந்திருக்காதபடி ஏதாவது ஒன்றை வைத்துவிடுவார்கள். அதே இறைச்சியை மைக்ரோவேவில் சூடாக்கிக் கொண்டுவந்தால், அல்லது எல்லோரும் முடித்த பிறகு வந்தால், அந்தத் தவறு இரட்டிப்பாகிறது. ஹெட் வெயிட்டர் கடைசி இரண்டு இரவுகளில் மட்டும் மேசைக்கு வந்து குசலம் விசாரித்தால், அவர் வருவது கருத்துப் படிவத்துக்காக என்று புரிந்துகொள்ளலாம். முதல் மூன்று இரவுகளில் வந்து கேட்பவர்தான் மேற்பார்வை செய்கிறவர்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது உயிர் சார்ந்த விஷயம், சுவை பற்றியதல்ல. பயணச்சீட்டு எடுக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள், முதல் இரவு ஹெட் வெயிட்டரிடம் நேரிலும் சொல்லுங்கள். சரியான நடைமுறை உள்ள கப்பலில் அடுத்த நாள் மெனுவை முந்தைய இரவே உங்களிடம் கொண்டுவந்து, தேர்ந்தெடுக்கச் சொல்லி, தனியாகச் சமைத்துத் தருவார்கள். 'அதை மட்டும் எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள்' என்று யாராவது சொன்னால் அங்கே சாப்பிடாதீர்கள், மேலே புகார் செய்யுங்கள். பஃபேயில் ஒரு கரண்டி பல உணவுகளுக்கு மாறும் என்பதால், கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பதே நல்லது. சைவ உணவுக்காரர்களும் இந்த முன்பதிவு வழியைப் பயன்படுத்தினால் தினம் ஒரே பாஸ்தாவில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள்.

கூடுதல் கட்டண உணவகங்கள் புதிதல்ல. 1905-இல் ஹாம்பர்க்-அமெரிக்கா நிறுவனத்தின் 'அமெரிக்கா' கப்பலிலேயே புகழ்பெற்ற ஹோட்டல்காரர் ரிட்ஸ் பெயரில் தனி உணவகம் இருந்தது. இத்தகைய உணவகங்களில் சாப்பிட வருபவர்கள் குறைவு, ஆர்டருக்குப் பிறகே சமைக்கிறார்கள், ஆகவே நன்றாகத்தான் இருக்க வேண்டும். பிரதான டைனிங் ரூமில் கிடைக்கும் ஒரு பண்டத்தை, அதே ஸ்டீக்கையோ மீனையோ, அங்கும் கேட்டு ஒப்பிடுங்கள். இறைச்சியின் பாகமும் பக்குவமும் உண்மையிலேயே வேறாக இருந்தால் காசு செல்லும். விரிப்பும் விளக்கும் மட்டும் வேறாக இருந்தால் செல்லாது. பயணக் கட்டணத்திலேயே அடங்கிய சாப்பாடு சுமாராக இருந்து, ஒவ்வொரு இரவும் வெயிட்டர் கட்டண உணவகத்துக்கு விளம்பரம் செய்தால், அந்தக் குறை அலுவலகத்தில் திட்டமிட்டது.

சுகாதார மதிப்பெண்ணைச் சரியாகப் படிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன அமெரிக்கத் திட்டம் 1970-களிலிருந்து நடக்கிறது. முன்னறிவிப்பில்லாமல் வந்து 100-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 86-க்குக் குறைந்தால் தோல்வி. அறிக்கைகள் பொதுவில் கிடைக்கின்றன. மொத்த மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல் குறைப்பட்டியலைப் படியுங்கள். தரை ஓட்டில் விரிசல் என்பது வேறு, குளிர்பெட்டியில் இறைச்சி 12 டிகிரியில் இருந்தது என்பது வேறு. இரண்டு, மூன்று அறிக்கைகளில் ஒரே குறை திரும்பத் திரும்ப வந்தால் கவலைப்படலாம். அந்த எண் சுத்தத்தைச் சொல்கிறது, சுவையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடாத கப்பல் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டால் அதனாலேயே மோசமானது என்றாகிவிடாது.

மற்றவர்களின் விமர்சனத்தைப் படிக்கும்போது, எழுதியவர் எந்த மாதம் போனார், எந்தப் பந்தி, எத்தனை இரவு டைனிங் ரூமில் சாப்பிட்டார் என்று தேடுங்கள். இவை இல்லாத புகழும் பழியும் பயன்படாது. 'சாப்பாடு மோசம்' என்பதைவிட 'ஏழு இரவில் நான்கு இரவு சூப் வெதுவெதுப்பு' என்பது ஆயிரம் மடங்கு மதிப்புள்ளது. நீங்கள் எழுதும்போதும் அப்படியே எழுதுங்கள். ஒவ்வொரு இரவும் அறைக்குத் திரும்பியதும் நான்கு வரி போதும்: என்ன கேட்டோம், எப்படி வந்தது, எவ்வளவு நேரம், தவறு இருந்தால் எப்படிச் சரிசெய்தார்கள்.

பயண முடிவில் வரும் கருத்துப் படிவத்தில், செய்முறை பற்றிய குறையை வெயிட்டரின் மதிப்பெண்ணில் கழித்துவிடாதீர்கள். அந்த எண்களை வைத்துத்தான் அவர்களை எடைபோடுகிறார்கள். மெனு பிடிக்கவில்லை என்றால் மெனு கட்டத்தில் எழுதுங்கள், அது தலைமை அலுவலகத்துக்குப் போகும். நன்றாகக் கவனித்த வெயிட்டரின் பெயரையும், அந்தத் தண்ணீர்க் குவளையை ஒருநாளும் காலியாக விடாத உதவியாளரின் பெயரையும் முழுதாக எழுதுங்கள். அவர்கள் சட்டையில் குத்தியிருக்கும் பெயர்ப்பட்டையை முன்னாலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசி நாள் காலையில் நினைவுக்கு வராது.